கமாவின் கழுத்து

அந்த நீல நாடாவைக் கமாவின் தலைவழியாக மாட்டியது நான்தான். மாட்டும்போது என் வாயில் சாமி சரணம் வேறு.

கல்ஃபில், அஜ்மானில் ஒரு பெரிய குடோனின் கேட். ஆறு மணி டூட்டி தொடங்கப் பத்து நிமிடம் இருந்தது. கார்த்திகை பிறந்துவிட்டதால் பாலைவனத்திலும் காலையில் லேசாகக் குளிர் இருக்கும். கமாவு செக்யூரிட்டி கேபினில் ஸ்டூல் மேல் உட்கார்ந்து, கண்ணை மூடி, கைகளைக் கோத்து ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தான். டூட்டிக்கு முன்னால் தினமும் அவன் செய்வது அது. கென்யா நாட்டுக்காரன், ஆறடிக்கு மேல் வளர்ந்தவன். அவன் உட்கார்ந்தால்தான் அவன் தலை என் கைக்கு எட்டும்.

மேசையில் அவனுடைய கம்பெனி கார்டு நாடாவோடு கிடந்தது. எடுத்தேன். என் பர்ஸில் இருக்கும் அய்யப்பன் படத்தில் தொட்டு, கண்ணில் ஒற்றி, நாடாவில் துளி திருநீறும் தடவி அவன் கழுத்தில் போட்டேன். குருசாமி மாலை போடுகிற மாதிரியே.

கமாவு கண்ணைத் திறந்தான். உடம்பு கட்டையாகிவிட்டது. கத்தவில்லை. நாடாவை மெதுவாகக் கழற்றி மேசையில் வைத்தான். பிறகு உள்ளங்கையால் பிடரியைத் துடைத்தான். ஒரு தரம் இல்லை, மூன்று நான்கு தரம். பூச்சி ஊர்ந்த இடத்தைத் துடைக்கிற மாதிரி.

"இனிமே இப்படிப் பண்ணாத, பாய்."

அவ்வளவுதான். எழுந்து கேட்டுக்குப் போய்விட்டான். அதன் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

களி தின்ற உறவு

நான் அரியலூர்ப் பக்கத்துக்காரன். பத்தாவது இரண்டு தரம் எழுதி, இரண்டு தரமும் கணக்கில் போனவன். ஊரில் மனைவி வளர்மதி, இரண்டு பெண் பிள்ளைகள். இங்கே பகல் ஷிஃப்டுக்கு நான் இன்சார்ஜ். பேர்தான் பெரிது. என்னையும் சேர்த்து மொத்தம் நான்கு காவலாளிகள்.

கமாவு இந்தக் கேட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகப் போகிறது. எங்களுக்குள் பாதி இங்கிலீஷ், பாதி இந்தி. இரண்டுமே இருவருக்கும் அரைகுறை. அதனால்தான் சண்டை வந்ததே இல்லை என்று நினைக்கிறேன். சண்டை போட முழுப் பாஷை வேண்டும்.

எங்களைச் சேர்த்தது களி. நாங்கள் தங்கும் கேம்ப்பின் சமையலறையில் ஒருநாள் அவன் மக்காச்சோள மாவைக் கொதிக்கும் தண்ணீரில் கொட்டி, மரக்கரண்டியால் சுழற்றிச் சுழற்றிக் கிண்டிக்கொண்டிருந்தான். மாவு வேகிற அந்த வாசம் என்னைப் பிடித்து இழுத்தது. கிட்டே போய்ப் பார்த்தால் எங்கள் ஊர்க் களிதான். தொட்டுக்கொள்ளக் கீரை. அவர்கள் பாஷையில் களிக்கு உகாலி என்று பேர். அவன் தந்ததைப் பிட்டு, விரலால் குழி பண்ணிக் கீரை தொட்டுத் தின்றேன்.

"குழி பண்ணித் தொட்டுக்கிறியே! உனக்கு யார் சொல்லிக்குடுத்தது?" என்று கேட்டான் கமாவு.

"எங்க ஆத்தா. உனக்கு?"

"எங்க அம்மா."

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் அவன் கிண்டுவான், நான் கீரை கடைவேன்.

எல்லாரும் சாமி

நான் வருடா வருடம் மாலை போடுகிறவன். ஷார்ஜாவில் இருக்கும் எங்கள் குருசாமி கார்த்திகை முதல் நாள் போட்டுவிடுவார். டூட்டியில் சட்டைக்குள் இருக்கும். செருப்பில்லாமல் இருக்க வேண்டும், ஆனால் யூனிஃபார்முக்கு ஷூ கட்டாயம். அந்தக் குற்றத்துக்காக ஒரு தேங்காய் கூடுதலாக உடைத்துவிடுகிறேன். அய்யப்பன் கல்ஃபுக்காரர்களின் கஷ்டம் தெரிந்தவர்.

மாலை போட்டவன் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எதிரில் யார் வந்தாலும் சாமிதான். கமாவையும் அப்படிக் கூப்பிட்டேன்.

"என்னை எதுக்குச் சாமிங்கிற?"

"மாலை போட்டா எல்லாரும் சாமி."

"சூப்பர்வைசருமா?"

"அவரும்."

"கேட்ல படுத்திருக்கிற அந்தச் சொறிநாய்?"

"அதுவும்தான்."

விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடித்ததும் சொன்னான், "எங்க தாத்தாவைத் தலை நரைச்ச பிறகும் 'டேய் பையா'ன்னுதான் வெள்ளைக்காரன் கூப்பிட்டான். நீ நாயைக்கூடச் சாமிங்கிற." அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் மாலை போட்ட அன்றே, அவன் தன் கறிச்சட்டியைத் தூரத்து அடுப்புக்கு மாற்றிவிட்டான். நான் கேட்கவே இல்லை. அவனாகப் பார்த்துச் செய்தான். இதை எழுதும்போதுதான் எனக்கு உறைக்கிறது. என் மனசு நோகாமல் அவன் நடந்தான். அவன் கழுத்தைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

மூன்றாவது ரிப்போர்ட்

அந்த மாதம் கம்பெனி ஒரு புது உத்தரவு போட்டிருந்தது. காவலாளிகள் எல்லோரும் கார்டை நாடாவில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட வேண்டும். முகமும் பேரும் நெஞ்சில் தெரிய வேண்டும்.

நாங்கள் மூன்று பேரும் மறுபேச்சில்லாமல் மாட்டிக்கொண்டோம். கமாவு மட்டும் கார்டை இடுப்பு பெல்ட்டில் செருகிக்கொண்டான். கேட்டால், "கழுத்துல வேணாம்" என்பான். காரணம் சொல்ல மாட்டான். வியர்க்குரு என்று நான் நினைத்தேன். பக்கத்தில் நிற்கும் நேபாளத்துக்காரத் தம்பி தில், ஸ்டைல் என்று நினைத்தான்.

சூப்பர்வைசர் ரஷீத் பாய், பெஷாவர்க்காரர். சத்தம் பெரிது, மனசு மெது. திடீர் திடீரென்று காரில் வந்து இறங்குவார். அப்படி வந்த இரண்டு தரமும் கமாவு மாட்டிக்கொண்டான். இரண்டு ரிப்போர்ட் ஆபீசுக்குப் போய்விட்டது.

மூன்றாவது தரம் வந்தவர் என்னைத் தனியே அழைத்தார். "ராஜு பாய், அவன் காண்ட்ராக்ட் ரெனியூவல் இப்ப ஆபீஸ்ல இருக்கு. திங்கக்கிழமையிலிருந்து புதுத் தாள். ஒவ்வொருத்தன் பேருக்கும் நேரா, கார்டு கழுத்துல இருக்கா இல்லையான்னு நீதான் எழுதணும். அவன் பேருக்கு நேரா ஒரு 'நோ' வந்தாலும் கலாஸ். விசா கேன்சல், ஊருக்குப் போக வேண்டியதுதான். சொல்லிவை."

கமாவுக்கு ஊரில் ஒரு கைக்குழந்தை. பையன். பிறந்ததிலிருந்து போனில் மட்டும்தான் பார்த்திருக்கிறான். இந்த ரெனியூவல் ஆனால் இரண்டு மாத லீவு. அதற்காக ஒரு சின்ன நீலச் சட்டை வாங்கிப் பெட்டியில் வைத்திருந்தான். குழந்தை வளர வளர, சட்டை பத்துமா என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பான்.

வேலையே போய்விட்டால் லீவு ஏது? அந்தப் பதற்றத்தில்தான் வெள்ளிக்கிழமை காலையில் நானே நாடாவை எடுத்தேன். சாமியை வேண்டிக் கழுத்தில் போட்டுவிட்டால் பழகிவிடும் என்று நினைத்தேன். எங்கள் பக்கம் கழுத்தில் விழுவது எல்லாமே நல்லதுதானே? தாலி, தாயத்து, துளசி மாலை, ருத்திராட்சம். கழுத்தில் போட்டால் ஒருவனுக்கு வலிக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

வளர்மதி கேட்ட கேள்வி

ஞாயிற்றுக்கிழமை வளர்மதியிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். அனுதாபம் கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன்.

"ஏங்க, அந்தப் புள்ளய கேட்டுட்டா போட்டீங்க?"

"நல்லதுக்குத்தானே புள்ள..."

"நல்லதுக்கா இருந்தா? என் கழுத்துல கட்டும்போதுகூட எங்கப்பா மொதல்ல என்னையக் கேட்டாருங்க. சம்மதமான்னு. நீங்களும் தூது விட்டுக் கேட்டீங்க. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அந்தாளு கழுத்துன்னா மட்டும் கேக்க வேண்டாமா? மாலை போட்டுக்கிட்டு இப்படியா? போயி மன்னிப்புக் கேளுங்க, போங்க."

போனை வைத்துவிட்டாள். அவள் ஐந்தாவதோடு நின்றவள். எங்கள் வீட்டில் கணக்கு சரியாக வருவது அவளுக்குத்தான்.

தகரப் பெட்டி

சமையலறைக்குப் போனேன். கமாவு தனியாகக் களி கிண்டிக்கொண்டிருந்தான். நான் கீரையை எடுத்துவைத்து ஆயத் தொடங்கினேன்.

"சாமி, உன்னைக் கேக்காம உன் கழுத்துல போட்டேன். அது என் தப்பு."

கரண்டி நின்றது. அடுப்பை அணைத்தான். அப்புறம் சொன்னான். நான் புரிந்துகொண்டவரை எழுதுகிறேன்.

அவன் தாத்தா காலத்தில் கென்யாவில் நல்ல மண் எல்லாம் வெள்ளைக்காரன் கைக்குப் போய்விட்டது. மண்ணுக்குச் சொந்தக்காரர்களே அந்த மண்ணில் கூலிக்கு நின்றார்கள். வயசுக்கு வந்த கறுப்பு ஆண்கள் எல்லோருக்கும் ஒரு பத்திரம் கொடுத்தார்கள். கிபாண்டே என்று பேர். அதில் பேர், கைரேகை, எந்தத் துரையிடம் வேலை, எல்லாம் இருக்கும். அதை ஒரு சின்னத் தகரப் பெட்டியில் போட்டுக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட வேண்டும். இல்லாமல் வெளியே வந்தால் ஜெயில். துரை கையெழுத்துப் போட்டு விடுவித்தால்தான் வேறு இடத்துக்கு வேலைக்குப் போகலாம்.

"இங்க கம்பெனி மாறக் கேக்குற ரிலீஸ் பேப்பர் மாதிரியா?" என்றேன்.

"மாதிரிதான். ஆனா பாய், நீயும் நானும் பிளேன் ஏறி வேற தேசத்துக்கு வந்தோம். பிடிக்கலன்னா ஊருன்னு ஒண்ணு இருக்கு. எங்க தாத்தா அதைச் சொந்த ஊர்ல, சொந்த மண்ணுல மாட்டிக்கிட்டு நின்னாரு. அவரு எங்க போவாரு?"

அவன் கை பிடரிக்குப் போனது.

"அந்தக் கயிறு அறுத்து அறுத்துப் பிடரியில ஒரு தழும்பு. சின்ன வயசுல அவரு மடியில உக்காந்து அதைத் தடவிக்கிட்டே இருப்பேன். வழுவழுன்னு இருக்கும்."

பின்னால் கழுத்துப் பெட்டிச் சட்டம் போனது. இன்னும் பின்னால் சுதந்திரமும் வந்தது. கொடி ஏற்றிய ராத்திரி தாத்தா விடியும்வரை ஆடினாராம். தகரப் பெட்டியை அவர் வீசிவிடவில்லை. அதில் மூக்குப்பொடி போட்டு வைத்துக்கொண்டார். "வெள்ளைக்காரன் பெட்டிக்குத் தும்மல் வர வைக்கிறேன்" என்பாராம். சொல்லும்போது கமாவு சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது.

"அப்புறம் மண்ணு திரும்பக் கிடைச்சுதா?"

"எங்க கிடைச்சுது? பெரிய பதவியில உக்காந்தவங்களுக்குப் பெரிய பெரிய பண்ணை. எங்க தாத்தா நாலு பேரோட சேந்து, துண்டு நிலத்தைக் காசு குடுத்து வாங்கினாரு. அவங்கப்பாவோட மண்ணை அவரே விலைக்கு வாங்கினாரு. அது அப்பாவுக்குப் பாதி, சித்தப்பாவுக்குப் பாதி. எனக்கு வந்தது நிக்கிற அளவு. சுதந்திரம் வந்துச்சு பாய், வேலைதான் வரல."

ஆனாலும் தாத்தா சுதந்திரத்தைக் குறை சொல்ல விடமாட்டாராம். வருடா வருடம் அந்த நாளில் கோட்டுப் போடுவார். சட்டையின் மேல் பொத்தானைத் திறந்துதான் விட்டிருப்பார். டை கிடையாது. சர்ச்சில் கொடுத்த சிலுவையைக்கூடக் கழுத்தில் போடவில்லை. "கர்த்தரைக் கையில பிடிச்சுக்குவேன்" என்று உள்ளங்கையில் வைத்துக்கொள்வாராம்.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே, சாமி?"

"சொன்னா பாவம்னு பாப்பாங்க. எங்க தாத்தாவை யாரும் பாவம்னு பாக்க வேணாம்."

கரண்டியைக் கழுவி வைத்தான். பிறகு சொன்னான், "எங்க வழக்கத்துல மூத்த பையனுக்குத் தாத்தா பேர்தான். அவர் பேரும் கமாவு. அந்தப் பெட்டிக்குள்ள இருந்ததும் இதே பேர்தான். இப்ப அதே பேரை எழுதி, அதே கழுத்துல..."

அவர்கள் பாஷையில் தாத்தாவுக்குக் குகா என்று சொல்கிறார்கள். முருகன் பேராயிற்றே என்று எனக்குச் சிலிர்த்தது. பேரன் என்றால் பேரைச் சுமப்பவன் என்று நமக்கும் தெரியும். அன்றைக்குத்தான் அதன் கனம் தெரிந்தது.

களி ஆறிப்போய்விட்டது. ஆறின களியைத்தான் இரண்டு பேரும் தின்றோம்.

நான்கு 'நோ'

திங்கட்கிழமை. புதுத் தாள் மேசையில் இருந்தது. ஷூ, தொப்பி, விசில், கடைசியில் 'கார்டு கழுத்தில்'.

'யெஸ்' என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? ஆனால் மாலை போட்டுக்கொண்டு பொய் எழுதினால் நாற்பத்தொரு நாளும் வீண். கமாவும் அதைத்தான் சொன்னான்: "எனக்காகப் பொய் எழுதாத. உன் கழுத்துல மாலை இருக்கு. 'நோ'ன்னே எழுது. நான் ஊருக்குப் போறேன்."

பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு என் கழுத்து நாடாவைக் கழற்றினேன். கார்டைச் சட்டைப் பையில் கிளிப் போட்டு மாட்டினேன். தாளில் முதலில் இருப்பது என் பேர். அதற்கு நேராக 'நோ' என்று எழுதினேன். அப்புறம்தான் கமாவின் பேருக்கு நேராக எழுதினேன்.

தில் எட்டிப் பார்த்தான். "என்ன பாய், ரெண்டு பேரும் சேந்து ஊருக்குப் போறீங்களா?" காரணத்தைச் சொன்னேன். கமாவிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் சொன்னேன். தில் தன் நாடாவையும் கழற்றினான். நான்காவது ஆளும் கழற்றினார். தாளில் நான்கு 'நோ'.

சாயங்காலம் ரஷீத் பாய் தாளை எடுத்துக்கொண்டு பறந்து வந்தார்.

"யே கியா ஹை? ஸ்ட்ரைக்கா? புதன்கிழமை குடோன் முதலாளி இன்ஸ்பெக்ஷன் வர்றாரு! உங்க நாலு பேரையும் ஒரே பிளேன்ல ஏத்தட்டுமா?"

தகரப் பெட்டிக் கதையைச் சொன்னேன். எனக்குத் தெரிந்த இந்தியில், ஒன்றும் விடாமல். ரஷீத் பாய் கையிலிருந்த தாளை இறக்கினார். கேட்டருகே நின்றிருந்த கமாவையே பார்த்தார். பிறகு தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"புதன்கிழமை நீ வாயைத் திறக்காத" என்று மட்டும் சொன்னார்.

புதன்கிழமை முதலாளி வந்தார். வெள்ளை அங்கி போட்ட வயசான அரபி. எங்கள் நான்கு பேரையும் வரிசையாகப் பார்த்தார். நான்கு சட்டைப் பையிலும் கார்டு.

"நாடா எங்கே?"

எனக்கு உள்ளே சரணம் ஓடியது. ரஷீத் பாய் முன்னால் வந்தார்.

"சார், உள்ள பெட்டி ஏத்துற பெல்ட் ஓடுது. ரவுண்ட்ஸ் போகும்போது குனிஞ்சா நாடா அதுல மாட்டும், ஆளை இழுத்துரும். அதனால இந்த கேட்ல பைல மாட்டச் சொல்லியிருக்கோம். முகமும் பேரும் நல்லாத் தெரியுது பாருங்க."

முதலாளி கமாவின் கார்டை உற்றுப் பார்த்தார். பிறகு கமாவை நிமிர்ந்து பார்த்தார்.

"நல்லது. மத்த கேட்லயும் இப்படியே செய்யுங்க. யல்லா, போகலாம்."

கார் போன பிறகு நான் ரஷீத் பாயைப் பார்த்தேன். பெல்ட் ஓடுவது நிஜம்தான். நாடா மாட்டும் என்பதும் நிஜம்தான். ஆனால்...

"என்ன பாக்குற, ராஜு பாய்? உன் நோன்பு இப்ப. என் நோன்பு ரமலான்ல. அதான் இன்னிக்கு நான் பேசினேன்" என்று கண்ணடித்துவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை ரெனியூவல் காகிதம் வந்தது. கமாவு கையெழுத்துப் போட்டான். அன்று சாயங்காலம் அந்த நீலச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து என் முன்னால் விரித்தான்.

"இது பத்தாது, பாய். வேற வாங்கணும்."

"உன் பையன் பேரு என்னன்னு நான் கேட்கவே இல்லையே?"

"எங்கப்பா பேரு. ஜொரோகே. அவனுக்குப் பிறக்கிற மூத்தவன்தான் அடுத்த கமாவு."

சன்னிதியில்

மார்கழியில் நான் மலைக்குப் போக லீவில் கிளம்பினேன். பெட்டி கட்டும்போது கமாவு கயிறு இழுத்துக் கொடுத்தான். இந்தத் தரம் நான் முதலில் கேட்டேன்.

"சாமி, மலையில உன் பேரையும் உங்க குகா பேரையும் சொல்லட்டுமா? உனக்குச் சம்மதமா?"

யோசித்தான். அவன் வேறு சாமியைக் கும்பிடுகிறவன். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் வருத்தப்பட்டிருக்க மாட்டேன்.

"சொல்லு. ரெண்டும் ஒரே பேருதானே, ஒரு தரம் சொன்னாப் போதும். உனக்கு நேரம் மிச்சம்."

பதினெட்டாம் படி ஏறிப் போனவர்களுக்குத் தெரியும், சன்னிதியில் நமக்குக் கிடைப்பது இரண்டு மூச்சு நேரம். அதற்குள் போலீஸ்காரர் தோளைப் பிடித்து நகர்த்திவிடுவார். வருடா வருடம் அந்த நேரத்துக்குள் வளர்மதி, இரண்டு பிள்ளைகள், அம்மா என்று வரிசையாகச் சொல்லிவிடுவேன். பழக்கம்.

இந்தத் தரம் எங்கள் வீட்டுப் பேர் ஒன்றையும் சொல்லவில்லை. அதெல்லாம் அய்யப்பனுக்கு மனப்பாடம்.

நெய் வாசமும் கற்பூரப் புகையுமாக இருந்தது. கூட்டம் நெருக்கியது. கழுத்து மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு, "கமாவு" என்றேன். போலீஸ்காரர் தோளில் கை வைத்தார். நகர்ந்துகொண்டே திரும்பிப் பார்த்து இன்னொரு தரம் சொன்னேன்.

"கமாவு."